குரல் போன பின் வந்த ஜெபம்

இந்த மாலைக் கூடுகைக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீண்டுவிடாதபடி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் மதிப்பிற்குரிய ஆயர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் மூப்பர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையையும் சுமந்துகொண்டு ஆண்டவரைத் தேடி வந்திருக்கும் அன்னையரே, இடமிருந்தும் கதவோரம் நிற்கும் இளையோரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான தோத்திரம்.

ஆண்டவரோடு அந்தரங்க உறவு. இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. மனிதரோடு நாலு வார்த்தை பேசவே தயங்குகிற என்னை இதற்கு ஏன் அழைத்தார்கள்? சிரிக்கலாம் அம்மா, என் வீட்டிலும் சிரித்தார்கள். பிறர் சொல்லும் சாட்சிகளை நான் எளிதில் நம்புவதில்லை. ஆகவே கண்ணால் கண்ட ஒன்றை மட்டும், என் அண்ணியின் அனுமதியோடு சொல்கிறேன்.

அண்ணி இருப்பது வேறு ஊர். அங்கே பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ரேடியோ அத்தை. அவர் ஜெபிக்க எழுந்தால் மைக் வேண்டாம். சொல்லுக்குச் சொல் அழகு, அடிக்கு அடி ஆழம், அருவி போல் ஓட்டம். கேட்டவர் கண் கலங்காமல் வீடு திரும்பியதில்லை. தேர்வா, பிரசவமா, புதுவீடா? "ரேடியோ அத்தையக் கூப்பிடு." அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தனியே ஜெபிப்பதில்லை. ஒருவர் ஜெபிக்க, சுற்றி நிற்பவர்கள் வரிக்கு வரி ஆமென் சொல்வார்கள். நல்ல வழக்கம்தான். அந்த ஆமென்களின் நடுவிலேயே அண்ணி வளர்ந்தார், வாழ்ந்தார்.

அப்படிப்பட்டவரின் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார் மருத்துவர். உயிர் தங்கும், குரல் தங்காது.

மருத்துவமனைக்குக் கிளம்பும் காலை. கூடத்தில் உறவினர் கூட்டம்; துணைக்கென்று போய்த் தங்கியிருந்த நானும் அதில் ஒருத்தி. என் அண்ணன் செல்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"ஒரே ஒரு ஜெபம் பண்ணிடும்மா. பதிவு பண்ணி வச்சுக்கறோம்."

அண்ணி கண்களை மூடினார். "சர்வ வல்லமையும் மகா இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே..."

நின்றுவிட்டது.

"என்ன, சிக்னல் போயிடுச்சா?" என்றார் அண்ணன். மனைவியின் அழுகையைத் தடுக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி கேலி.

"நீங்க எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய இருங்களேன்."

வெளியே வந்தோம். கதவு மூடியது. காது கொடுத்தோம், பொய் சொல்வானேன், நானும்தான் கொடுத்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சற்று நேரத்தில் கதவைத் திறந்தவரின் முகம் வெளுத்திருந்தது. என்னை மட்டும் ஓரமாக இழுத்தார்.

"ஒரு வார்த்தை வரலடி. ஆமென் சொல்ல ஆளில்லன்னா எனக்கு ஜெபமே வரல."

"பதற்றம் அண்ணி. வேற ஒண்ணுமில்ல."

"பதற்றமில்ல. ஊருக்காக எல்லாம் ஆண்டவர்கிட்ட பேசினேன். எனக்குன்னு ஒரு நாள் அவர்கிட்ட உக்காந்ததில்ல. இனிமே குரலும் இருக்காது. அவருக்கு என்னை அடையாளம் தெரியுமா, சொல்லு?"

அதற்குள் வண்டி வந்துவிட்டது; அண்ணியின் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஆயரே, அந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம் இருந்திருக்கலாம்.

அறுவைச் சிகிச்சை முடிந்தது. உயிர் தங்கியது. குரல் போனது. கையில் ஒரு சிலேட்டு வந்தது. அதில் அவர் முதலில் எழுதியது வேத வசனம் என்று நினைக்கிறீர்களா? "உங்க அண்ணனுக்கு டீ போடத் தெரியல." வீடே சிரித்தது. ஆனால் அவர் கண்கள் சிரிக்கவில்லை. ஜெபக் கூட்டத்துக்குப் போகவில்லை. வேதத்தைத் திறக்கவில்லை. தினமும் மதியம் பின்னறைக்குள் போய், சன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பார்.

"எதுக்கு அங்க போய் உக்காந்திருக்கா? மனசு விட்டுப்போச்சா?" என்று அண்ணன் என்னிடம் தழுதழுத்தார். எனக்கும் அந்தப் பயம்தான்.

ஒரு மதியம், மாத்திரையும் தண்ணீருமாக நான் அந்த அறை வாசலுக்குப் போனேன். சன்னல் வழியே வெயில். எதிரே ஒரு காலி நாற்காலி. அண்ணியின் உதடுகள் அசைந்தன. பிறகு நின்றன. தலை லேசாகச் சாய்ந்தது. மறுபடி அசைந்தன. மறுபடி நின்றன. பெரியோரே, அவருடைய பழைய ஜெபத்தில் இடைவெளியே கிடையாது. இப்போதோ, ஒன்றைச் சொல்லிவிட்டு நிற்கிறார். யாருக்காக நிற்கிறார்? எதற்காகத் தலையசைக்கிறார்? காலியான அறையில் ஒருவர் எதைக் கேட்டுப் புருவம் உயர்த்துவார்? எதைக் கேட்டு, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல் சிரிப்பார்?

"அண்ணி, மாத்திரை" என்றேன்.

அவர் திரும்பவில்லை. என் பக்கம் உள்ளங்கையை மட்டும் உயர்த்தினார்.

அன்னையரே, அந்தச் சைகையை நீங்கள் அறிவீர்கள். கூடத்தில் பெரியவர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் பிள்ளை குறுக்கே ஓடிவந்தால் அப்படித்தான் கையை உயர்த்துவோம். "நான் பேசுகிறேன்" என்பதற்கு அந்தக் கை உயராது. "இரு, அவர் பேசிக்கொண்டிருக்கிறார்" என்பதற்கே உயரும்.

நாற்காலியில் எதையும் நான் காணவில்லை. கண்டேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த அறைக்குள் காலடி வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. விண்ணையும் மண்ணையும் விரித்தவர், கடலுக்குக் கரை வகுத்தவர், குரல் இழந்த ஒரு பெண்ணின் பின்னறையில் அவள் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு பதில் சொல்கிறார் என்றால், நாம் எவ்வளவு பெரியவரிடம் எவ்வளவு அவசரமாகப் பேசிவிட்டு எழுந்து போகிறோம்! அடையாளம் தெரியுமா என்று கேட்ட பெண்ணுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாத்திரையும் குவளையுமாக வாசலிலேயே நின்றேன்.

ஆயர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பொறுமையோடு செவிகொடுத்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. வீடு போய்ச் சேர்ந்து ஜெபிக்கையில், ஆண்டவருக்கும் பேசச் சற்று இடைவெளி விடுங்கள். தோத்திரம்.