நீலப் பெட்டிக்குள் யார்?

"ஹலோ... ஹலோ! மச்சான், கேட்குதா?... எனக்குக் கேட்குது, உனக்குக் கேட்குதா?... அப்ப ஏன்டா இப்படிக் கத்தறே?... நான் கத்தறேனா? சரி, சரி. ரெண்டு பேரும் மெதுவா பேசுவோம். முதல்ல இதைச் சொல்லு. பெட்டிக்குத் தேனீ வந்துச்சா?"

பதில் வரும் வரை திட்ட அதிகாரி மூச்சு விடவில்லை. வந்த பிறகு மூச்சு முட்டியது.

"வரலையா! நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா. பாறையிலேருந்து எடுத்த தேன் அடையைப் பிச்சு, ஒவ்வொரு பெட்டி வாசல்லயும் தடவி வைன்னு... தடவினியா?... ம்... ம்... தடவினே. அப்புறம் என்னதான் வந்துச்சு?... ஈயா!... எறும்பு வேறயா? எறும்பை விடு. ஈ நிறைய இருக்கா?... அப்ப அதுவே போதும். தூரத்திலிருந்து பார்த்தா ஈ என்ன, தேனீ என்ன! விருந்தாளிங்களைப் பக்கத்துல போக விடாதே. கொட்டும்னு சொல்லு!"

திருச்சபையின் சமூக வளர்ச்சி அலுவலகத்தில், மலைமக்கள் வாழ்வாதாரத் திட்டம் முழுவதும் அவருடைய கண்ணாடி மேஜையின் மேல்தான் நடந்துகொண்டிருந்தது. மலை அவர் ஜன்னலில் தெரியும். அத்தோடு சரி. வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ஜீப் திரும்பும் போதெல்லாம் அவர் வயிறும் கூடவே திரும்பிவிடும். ஆகவே மலையைக் கீழிருந்தபடியே முன்னேற்றிக்கொண்டிருந்தார். மேலே ஓடியாடி வேலை பார்க்க, மனைவியின் தம்பியைக் களப்பணியாளனாகப் போட்டிருந்தார்.

இன்று அவருக்குச் சோதனை நாள். நிதி தரும் வெளிநாட்டுச் சபையிலிருந்து ஓர் அம்மாவும் ஒரு தாடிக்காரரும் காலையில் இந்த அலுவலகத்துக்கு வந்து, மொழிபெயர்க்க மிஷன் பள்ளி டீச்சரையும் ஏற்றிக்கொண்டு, மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகம் மலர்ந்து இறங்கினால் திட்டம் தொடரும், அவர் நாற்காலியும் தொடரும். முகம் சுளித்தால் இரண்டையும் சேர்த்து மடக்கி மூலையில் சாத்திவிடுவார்கள்.

"என்னது?... வாசனையா? என்ன வாசனை?... பெயின்ட் வாசனைக்குத் தேனீ தங்காதா? யார் சொன்னா?... ஓ, ஊரே சொல்லுதா... ஆமாடா, உள்ளேயும் அடிக்கச் சொன்னது நான்தான், இல்லேங்கலை. வெளியில பளபளன்னு இருந்து உள்ளே வெறும் பலகையா இருந்தா வர்றவங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?... தேனீ என்ன நினைக்கும்னா? நிதி தேனீயா தருது?"

மலைமக்களுக்குக் கொடுத்த தேனீப் பெட்டிகளுக்கு நீலம் அவரே தேர்ந்தெடுத்த நிறம். பாதையிலிருந்து பார்த்ததும் புகைப்படத்தில் பளிச்சென்று விழ வேண்டும் என்று, பெட்டிகளை மரத்தடிகளில் வைக்காமல் சபைக் கோயில் முற்றத்தில் கொளுத்தும் வெயிலில் அணிவகுத்து நிறுத்தச் சொன்னவரும் அவரே. தேனீக்களிடம் மட்டும் கருத்துக் கேட்க விட்டுப்போயிற்று.

கதவு திறந்தது. பேராயரின் செயலாளர் அம்மா தலையை மட்டும் உள்ளே நீட்டினார். அதிகாரியின் குரல் அந்த நொடியே முழங்காலில் நின்றது.

"ஆமா தம்பி... ஆமா... ஸ்தோத்திரம்... எல்லாம் அவர் சித்தம். நாம வெறும் கருவி. அந்த ஜனங்க முகத்துல தெரியுது பார் ஒரு சந்தோஷம், அதுதான் நமக்குக் கூலி... ஆமென்... ஆமென்..."

அம்மா கண் கலங்காத குறையாகத் தலையசைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"போயிட்டாங்க. டேய் மடையா! நான் ஆமென் சொல்றப்ப நீ ஏன்டா சிரிக்கிறே?... சரி, அங்கே என்ன சத்தம்? யாரோ கொக்கரிக்கிற மாதிரி... கோழியா? விரட்டுடா முதல்ல. ஜீப் வர்ற நேரத்துல கோழியும் குஞ்சும் குறுக்கே ஓடினா நல்லாவா இருக்கும்?... விரட்ட முடியாதா? ஏன்?... எதுக்குள்ளே இருக்கு?"

அவர் எழுந்து நின்றார்.

"பெட்டிக்குள்ளேயா?... எந்தப் பெட்டி?... நம்ம நீலப் பெட்டியா!... எல்லாத்துலயுமா!"

உட்கார்ந்தார்.

"மெதுவா சொல்லு. பதறாம சொல்லு. நான் பதறலை, நீ பதறாதே... ம்... பொம்பளைங்க உள்ளே இருந்த தேனடைச் சட்டத்தையெல்லாம் உருவி எறிஞ்சுட்டு... ம்... வாசலை அரிவாளால கொத்திப் பெருசாக்கி... அரிவாளாலயா! மூணு தடவை பெயின்ட் அடிச்ச பலகைடா அது!... பெட்டிக் காலுக்கடியில நாம தண்ணிக் கிண்ணம் வெச்சது எறும்பு ஏறாம இருக்க, சரி... கீரி வந்தா எட்டாது, பாம்பு ஏறாது... கோழிக்கு வசதியா இருக்கா! ரொம்ப சந்தோஷம்! நான் கோழிக்கு பங்களா கட்டிக் கொடுத்திருக்கேன்!... எப்பலேருந்து இந்தக் கூத்து?... போன மழைக்கு முந்தியேவா! ஏன்டா, என் வீட்ல சாப்பிட்டு வளர்ந்தவன்தானே நீ? ஒரு வார்த்தை சொன்னியா?"

மறுமுனையில் நீளமான விளக்கம். அவர் காது சிவந்தது.

"ஆமா... நல்ல செய்தின்னா மட்டும் போன் பண்ணுன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்... அது கெட்ட செய்தியான்னு உனக்கே குழப்பமா இருந்துச்சா? இருக்கும், இருக்கும். இருடா, அப்ப அந்த போட்டோ?"

அவர் தலைக்குப் பின்னால், சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு மலைப்பெண் நீலப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'தேனின் இனிமை இவள் முகத்தில்' என்று கீழே எழுதியிருந்தார்கள். எழுதியதும் அவர்தான். பேராயர் அதைப் பிரசங்கத்தில் இரண்டு முறை சொல்லி உருகியிருக்கிறார்.

"...அப்பவும் உள்ளே கோழி இருந்துச்சா?... அது அவ கையைக் கொத்தினதுக்கா சிரிச்சா?"

அவர் படத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். இப்போது அந்தச் சிரிப்பின் அர்த்தமே வேறாகத் தெரிந்தது. படத்துக்குப் பக்கத்தில், அலுவலகத்தின் குறிக்கோளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள்: 'நாம் தேவைப்படாத நாளே நமது வெற்றி நாள்.' ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டதும் பிடித்துப்போய் அவரே எழுதி மாட்டச் சொன்னது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப நான் சொல்றதை மட்டும் செய். கோழியையெல்லாம் பிடிச்சுக் கோயிலுக்குள்ளே விட்டுக் கதவைப் பூட்டு... பலிபீடத்து மேல ஏறுமா? ஏறட்டும்டா, இன்னிக்கு என்ன ஞாயித்துக்கிழமையா?... அடை காக்குதா? எழுப்பு!... கொத்தினா கொத்தட்டும், நீ களப்பணியாளன்! அப்புறம் முக்கியமான விஷயம். பொம்பளைங்க எல்லாரும் காட்டுக்கு வேலைக்குப் போயாச்சுல்ல?... வெடியக்காவும் போயாச்சா?... நிச்சயமா? கண்ணால பார்த்தியா?... அப்பாடா!"

வெடியக்கா என்றால் மலைக்கோயில் பெண்கள் சங்கத்தின் தலைவி. போன முறை பேராயர் மேலே போனபோது, மாலையைப் போட்ட கையோடு, 'மலை ஏறினா வாந்தி எடுக்கிற ஆளை மலைக்கு அதிகாரியா ஏன் சாமி போட்டீங்க?' என்று கேட்டவள். பேராயர் சிரித்துவிட்டார். அதிகாரி இன்றுவரை சிரிக்கவில்லை.

"அவ மட்டும் அந்தப் பக்கம் தலை காட்டிடவே கூடாது. விருந்தாளி வரணும், ஜெபம் பண்ணணும், தூரத்திலிருந்து பெட்டியைப் பார்க்கணும், தேன் பாட்டிலை வாங்கிக்கணும், இறங்கணும். அவ்வளவுதான்... பாட்டில்ல இருக்கறது பாறைத் தேன்னு யாருக்குத் தெரியப்போகுது? தேன் மேல எழுதியா இருக்கு?... டேய்! என்னடா அது?"

காதில் 'டாங்' என்று விழுந்தது.

"மணியா?... கோயில் மணியா? யார் அடிச்சது?... நீயா!"

அந்த மலையில் கைபேசிக்கு உயிர் வரும் இடம் ஒன்றே ஒன்றுதான். மணிக்கூண்டின் இரும்பு ஏணியில் பாதி ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும். அத்தான் கோழி, கொத்தல் என்று கத்திய கத்தலில் மைத்துனனுக்குக் கால் வழுக்கி, மணிக்கயிறு கணுக்காலில் சுற்றிக்கொண்டுவிட்டது.

"அவிழ்த்துடு... குனிஞ்சு அவிழ்த்துடு... ஐயையோ, திரும்பவும் அடிச்சுட்டியே! அசையாதே!... இறங்குறியா? இறங்காதே, லைன் போயிடும்! அசைஞ்சா மணி அடிக்கும், இறங்கினா லைன் போயிடும். அப்படியே தொங்கு!"

நேரம் கெட்ட நேரத்தில் மணி அடித்தால் யாருக்கோ ஆபத்து. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லோரும் முற்றத்துக்கு ஓடிவர வேண்டும். பேரிடர்ப் பயிற்சி என்று மலைமக்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னவர் சாட்சாத் திட்ட அதிகாரிதான். அவர் நடத்திய பயிற்சிகளிலேயே ஒழுங்காகப் பலித்தது அது ஒன்றுதான்.

"...வர்றாங்களா? யாரு?... எல்லாருமா? ஒண்ணுமில்லை, போங்கன்னு சொல்லு... முன்னாடி யாரு வர்றா?... சொல்லாதே. எனக்கே தெரியும்."

நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மேலே ஃபேன் சுழன்றது. காற்று மட்டும் வரவில்லை.

"என்ன, ஜீப் சத்தமா! அதுக்குள்ளேயா? வழியில அருவியைக் காட்டு, தோட்டத்தைக் காட்டு, எதையாவது காட்டி இழுன்னு டிரைவர்கிட்ட அவ்வளவு சொன்னேனே... அந்த அம்மா நேரா போன்னு சொல்லிட்டாங்களா? சரி. போச்சு. டேய், நீ இறங்கிப் போய்... வேண்டாம், வேண்டாம், தொங்கு! தொங்கிக்கிட்டே பார்த்துச் சொல்லு. என்ன நடக்குது?"

இனி அவருக்கு வேலை கேட்பது மட்டும்தான்.

"...இறங்கிட்டாங்க... ம்... கும்பிடறாங்க... தாடிக்காரர் எங்கே போறார்?... பெட்டிகிட்டயா! கொட்டும்னு கத்துடா!... கத்தினியா?... என்ன, அவர் பயப்படலையா?... ஊரே சிரிக்குதா! ...ம்... வெடியக்கா மூடியைத் தூக்கிட்டாளா... தூக்கிட்டாளா..."

கண்ணை இறுக மூடிக்கொண்டார். முடிந்தது. திட்டம் முடிந்தது, சம்பளம் முடிந்தது. மனைவிக்கு என்ன சொல்வது என்பதுகூட மனதில் ஓடத் தொடங்கிவிட்டது.

"...அந்த அம்மா என்ன பண்றாங்க? திட்டறாங்களா?... சிரிக்கிறாங்களா? எந்தச் சிரிப்பு? நல்ல சிரிப்பா, நம்மைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பா?... கோழிக்குஞ்சைக் கையில வாங்கிக்கிட்டாங்களா!... கன்னத்துல வெச்சுக்கறாங்களா!"

கண் திறந்தது. முதுகு நிமிர்ந்தது. குரலில் மெல்லத் தேன் ஊறியது.

"மச்சான்! நான் அப்பவே நினைச்சேன். கேளு, உடனே டீச்சர்கிட்ட சொல்லச் சொல்லு: இது எங்க அதிகாரியோட யோசனை. பல பயன் பெட்டி. தேனீ வந்தா தேன், வராட்டி முட்டை. நீண்ட நாள் ஆராய்ச்சி பண்ணி... என்ன?... வெடியக்கா ஏற்கெனவே சொல்லிட்டாளா? என்ன சொன்னா?... பெட்டிக்குப் பெயின்ட் அடிச்சதையா?... உள்ளே அடிச்சதையுமா?... வாந்தியையும் சொல்லிட்டாளா! அதை டீச்சர் மொழிபெயர்த்தாளா?... நடிச்சுக் காட்டினாளா!"

அடுத்து வந்தது நீளமாக இருந்தது. அவர் குறுக்கிடாமல் கேட்டார். அலுவலகத்தில் அவர் குறுக்கிடாமல் கேட்டதை அன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

"...சரி... குஞ்சுக்குத் தடுப்பூசி வேணும், கம்பி வலை வேணும்... கேட்டாளா... சரி... கொடுக்கறோம்னு அந்த அம்மா சொன்னாங்களா! அப்ப திட்டம் தொடருதா? மச்சான், நீ தெய்வம்டா! நான் இப்பவே பேராயர்கிட்ட... 'ஆனா'வா? என்ன 'ஆனா'?... யாருக்குக் கொடுக்கறாங்களாம்?... நேரா பெண்கள் சங்கத்துக்கா?... நடுவுல அலுவலகம் வேண்டாம்னு யார் சொன்னா?"

மைத்துனன் ஏதோ இழுத்தான்.

"...நாமளா? நாம எப்படா சொன்னோம்?... சுவர்லயா?"

அவர் சுவரைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அது மனப்பாடம்.

"...அந்த அம்மா அதையா சொன்னாங்க? காலையில நம்ம ஆபீஸ்ல படிச்சது இங்கே நிஜமாவே நடந்திருக்குன்னா?... பல ஊர்ல போய்ப் பார்த்தாங்களாம், யாரும் இப்படிச் சொன்னதைச் செஞ்சு காட்டலையா... ம்... எனக்கு நன்றி சொன்னாங்களா... கை தட்டினாங்களா... ம்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"சரி, உன் கதி? உன்னை என்ன பண்ணப்போறாங்க?... சங்கமே வேலைக்கு வெச்சுக்குதா? தொங்கிக்கிட்டே வேலை வாங்கிட்டியா! உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு... அப்ப நான்?... யாருகிட்ட கொடுக்கறே? வேண்டாம், அவகிட்ட போனைக் கொடுக்காதே, டேய்... டேய்..."

குரல் சட்டென்று பணிந்தது.

"வணக்கம்க்கா... நல்லா இருக்கேன்க்கா... சந்தோஷம்தான்க்கா, ரொம்ப... நீங்க ஏணியில ஏறி வந்தீங்களா? பார்த்துக்கா... ஆமா, பெயின்ட் தப்புதான்... ஆமா, ஆமா, வெயில்லயும் வெச்சிருக்கக் கூடாது... என்ன, எனக்கா? எனக்கு எதுக்குக்கா பயிற்சி?... வேலை போனவங்களுக்கு வாழ்வாதாரமா... கோழி வளர்ப்பு... தங்கறதுக்கு இடம் தர்றீங்க, சாப்பாடும்... பெட்டியும் தர்றீங்களா? நீலப் பெட்டி... ரொம்பப் பெரிய மனசுக்கா உங்களுக்கு. ஆனா அந்த வளைவு... நடந்து வரணுமா? நடந்து வந்தா வாந்தி வராதா?... அக்கா, கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேனே... அக்கா? ஹலோ?... ஹலோ?"

'டாங்' என்று ஒரு மணி விழுந்தது. அதோடு லைன் செத்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பேராயரின் செயலாளர் அம்மா மறுபடியும் தலையை நீட்டி, மேலே எப்படிப் போகிறது என்று புருவத்தாலேயே கேட்டார்.

திட்ட அதிகாரி செத்த போனைக் காதில் இன்னும் அழுத்தமாக வைத்துக்கொண்டார்.

"ஆமா தம்பி... ஆமா... ஸ்தோத்திரம்... நாம வெறும் கருவி... வெற்றிதான். முழு வெற்றி. ஆமென்... ஆமென்..."