களைக் கரைசல்

களைகளைப் பிடுங்கி எரிப்பவர்களைக் கண்டால் எனக்கு இரக்கமே வரும், ஐயா. எரிப்பதற்கு அறிவு தேவையில்லை. நாயுருவி, குப்பைமேனி, எருக்கு என வேலியோரம் எது முளைத்தாலும் அதை நறுக்கிப் பீப்பாயில் இட்டு, மூழ்கும்வரை நீர் விட்டு, மிதக்காதபடி கல் வைத்து மூட வேண்டும். நாள்தோறும் கிளற வேண்டும். நாற்றம் முற்றித் தேநீரின் நிறம் வந்ததும் வடித்து, பத்துப் பங்கு நீரில் கலந்து வேரில் ஊற்றினால் கத்தரி குலுங்கக் காய்க்கும். நன்னீர் மட்டும் வேண்டும்.

அனலைதீவில் எங்கள் குறிச்சிக்கு நன்னீர்க் கிணறு ஒன்றுதான். அது பரராசசிங்கத்தின் காணிக்குள், என் வேலியை ஒட்டி இருக்கிறது. அவன் என்னிடம் நான்காம் வகுப்புப் படித்தவன். கொழும்பில் கடை நடத்திப் பணத்தோடு திரும்பியவன். எல்லோரும் கேளாமல் அள்ளிய கிணற்றுக்குப் படலை போட்டுப் பூட்டினான்; மோட்டர் வைத்துப் புற்றரை வளர்த்தான். அயலவர்க்கு மாலையில் வீட்டுக்கு ஒரு வாளி. தான் குடிப்பதற்கோ படகில் வரும் போத்தல் தண்ணீர்.

அவனை எதிர்த்துக் கேட்டவன் நான் ஒருவனே.

"உம்மட நாத்தத் தேத்தண்ணிக்கு என்ர நல்ல தண்ணியோ, மாஸ்டர்? கடல் கிட்டத்தானே, போய் அள்ளும்" என்றான்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் மனம் குளிரவேண்டுமே.

அயல்வீட்டு அம்பிகை மட்டும் சிரிக்கவில்லை. தனக்குக் கிடைத்த வாளியைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தாள்.

"கோவியாதேங்கோ மாஸ்டர். எங்களுக்கு வேறை வழி ஏது? நாளைக்கு நீங்களும் வந்து வரிசையிலை நில்லுங்கோ. இப்ப இதை வைச்சிருங்கோ."

அந்த நீரைக்கொண்டுதான் கடைசிக் கரைசலைத் தயாரித்தேன். அம்முறை ஊமத்தையும் சேர்த்தேன். அது முற்றியபின், பரராசசிங்கம் நயினாதீவுக் கோயிலுக்குப் போயிருந்த பகலில், வேலிக்கு மேலால் கிணற்றில் ஊற்றினேன்.

நாற்றம் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. எவரேனும் ஒருவர் வாளியை நிலத்தில் எறிந்து, "இதைக் குடிக்க ஏலாது" என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள். அவர்களோ மூக்கைப் பொத்திக்கொண்டு அள்ளினார்கள். ஐந்து வீட்டார் பாயில் விழுந்தனர். அன்றிரவு எழுந்த சோளகக் காற்றில் ஆசுபத்திரிக்குப் படகு ஓடவில்லை. விடியுமுன் மூவர் இறந்தனர். அம்பிகையும் அவர்களுள் ஒருத்தி.

நீங்கள் வாசித்துக் காட்டிய வாக்குமூலத்தில், பரராசசிங்கத்துக்கு வைத்த நஞ்சை அயலவர் தவறுதலாகக் குடித்தனர் என்று எழுதியிருக்கிறீர்கள். 'தவறுதலாக' என்பதை வெட்டிவிடுங்கள். அவன் கிணற்றுநீரைத் தொடுவதில்லை என்பது குறிச்சிக்கே தெரியும். அவனிடம் ஆணவமாவது இருந்தது. வாளியோடு வளைந்து நின்றவர்களைத்தான் நான் களையெனக் கொண்டேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அம்பிகையின் வாளியை, கரைசலை ஊற்றிய அன்று மாலைக்கு முன்பே கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதிலேதான் அவள் நீர் அள்ளினாள். பிறர் பொருளை வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.