பொட்டு வைத்த கிரிக்கெட் கார்டு

வேங்கிக்கால் பஸ்ஸில் என் முன் சீட்டில் அக்காவும், கையில் கிரிக்கெட் வீரர் படம் போட்ட கார்டோடு தம்பியும்.

“கிரிக்கெட் கார்டுக்கு யாராவது பொட்டு வைப்பாங்களா?”

“ஆயுதபூஜைக்கு வண்டிக்கு வச்சேன், மிஷினுக்கு வச்சேன். நீ உசுரா வச்சிருக்கியேன்னு அதுக்கும் வச்சேன்.”

“கம்பெனிக்கு அனுப்பினா, அசலா, கீறல் கறை இருக்கான்னு கார்டைப் பாத்து மார்க் போடுவாங்க. மார்க் இருந்தாத்தான் நல்ல விலை போவும். இப்ப கம்மியாயிடும்.”

“முந்தானையால துடைச்சிடவா?”

“தொடாதே! கீறல் உழுந்துடும்.”

“அப்ப அனுப்ப மாட்டியா?”

“அனுப்பத்தான் போறேன். எத்தினி நாள் தேடி வாங்கினது! கறைனு எழுதினா எழுதட்டும், அசல் கார்டுனு சொன்னா போதும்.”

“கறையா? குங்குமம்னு எழுதச் சொல்லுடா!”

“நீயே வந்து சொல்லு.”

கூரியர் கடை முன்னால் தம்பி இறங்கினான். அக்காவும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.