கேப்டன் கரைக்குள் இருக்கிறாள்

மரச்சுத்தியலைக் கையிலும் அதைவிடக் கனமான பார்வையைக் கண்ணிலும் ஏந்தி, இந்த அவையைக் கட்டிக்காக்கும் தலைவர் பெர்னிஸ் அம்மையார் அவர்களே! காதுக்கருவியை அணைத்துவிட்டு முன்வரிசையில் நிம்மதியாக வீற்றிருக்கும் பெரியோர்களே! கேக் சுட்டு எடுத்துவந்து, நான் பேசி முடிக்கும்வரை ஒருவரும் தொடக்கூடாதென்று மூடிவைத்திருக்கும் தாய்மார்களே! பொக்லைனை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டு நேரே இங்கு வந்திருக்கும் டாரில் அவர்களே! வாரிபின் படகுக் குழுச் செயலாளரின் பணிவான வணக்கம்.

படகு இறக்க ஒரு சாய்தளம் வேண்டும், வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் இதே மேடையில் தொண்டை கிழியக் கத்தியவன் அடியேன். அது வந்தால் கோடைப் படகுப்போட்டி நம் ஊரில். வராவிட்டால் பக்கத்து ஊர் கராபியில். அதற்காகத்தான் திங்கட்கிழமை கரையை வெட்டப்போகிறார்கள். வெட்டாதீர்கள் என்று கெஞ்ச வந்திருக்கிறேன்.

"ஏன் மேட், குடிச்சிட்டு வந்திருக்கியா?" என்கிறார் டாரில். இன்னும் இல்லை, டாரில். கூட்டம் முடியட்டும்.

நான் பேச வந்தது நம் கேப்டனைப் பற்றி. மதுக்கடைப் பலகையில் தொப்பி அணிந்து மார்தட்டி நிற்கிறாரே, வாத்தின் அலகும் மயிரடர்ந்த உடலும் கொண்ட நம் ஆற்றுப் பிளாட்டிபஸ், அவரைப் பற்றி! பூனை அளவு என்றார் ஒருவர். நாய் அளவு என்றார் அடுத்தவர். மூன்றாம் கோப்பைக்குப் பிறகு கன்றுக்குட்டி அளவு என்றவன் நான்.

போன மாதம் பல்கலைக்கழக ஆய்வாளர் இமோஜன் வந்து வலை போட்டார். விடியும் நேரத்தில் கேப்டன் சிக்கினார். ஆண் பிளாட்டிபஸுக்குப் பின்னங்காலில் நச்சுமுள் உண்டு. குத்தினால் நாள்கணக்கில் துடிக்கவேண்டும். ஆகவே நான் வெல்டிங் கையுறையும் இரண்டு கால்சட்டைகளுமாகப் போய் நின்றேன். இமோஜனோ வெறுங்கையால் வாலைப் பிடித்து அலுங்காமல் தூக்கினார்.

"முள்ளக் காணோமே, பாருங்க. உங்க கேப்டன் பொம்பளைங்க!"

சிரிக்காதீர்கள், பலகையை மாற்றும் செலவு உங்களுடையது. எவ்வளவு பெரியவள் அவள்? அலகு முனையிலிருந்து வால் நுனிவரை ஒரு முழம் வராது. எடை ஒரு கிலோ தேறாது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் அடுப்பில் வேகும் கோழி அவளைவிடக் கனம்!

பிறகு இமோஜன் அவள் தோளருகே ஒரு கருவியை வைத்தார். அது கூவியது. தோலுக்கடியில் அடையாளச் சில்லு! இமோஜனின் குரல் தாழ்ந்துவிட்டது. "பதினேழு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஆளுங்க வச்சது. அப்பவே இவ வளர்ந்தவ. இத்தன வயசுல ஒண்ண நான் கையில பிடிச்சதே இல்ல."

பதினேழு ஆண்டுகள்! வெள்ளம் வந்தது, அவள் இருந்தாள். வறட்சியில் ஆறு குட்டையாய்ச் சுருங்கியது, அவள் இருந்தாள். காட்டுத்தீ வந்து நாமெல்லாம் கார் ஏறி ஓடினோம், அவள் இருந்தாள்! எனக்கு இரண்டு மனைவியர் வந்தார்கள், போனார்கள்...

"தப்பிச்சோம்னு சொல்லு!" என்று குரல் கொடுப்பவர் முதலாமவர். வணக்கம், க்ளெனிஸ்.

சென்ற வாரம் அவளை மீண்டும் கண்டேன். ஈர இலைகளை வாலைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு கரைக்குள் போனாள். வந்தாள். மீண்டும் இலை, மீண்டும் கரை. பிறகு வரவே இல்லை. இமோஜனுக்குத் தொலைபேசினேன்.

"முட்ட போட்டிருப்பா. உள்ளேருந்தே மண்ணால வளைய அடைச்சிருப்பா. தோண்டிப் பாக்காம உறுதியா சொல்ல முடியாது. தோண்டிட்டா, சொல்லவேண்டிய அவசியமே இருக்காது" என்றார்.

கோலிக்குண்டு அளவில் ஒன்றோ இரண்டோ முட்டை. தோல்போல் மெத்தென்ற ஓடு. வாலை வயிற்றோடு மடித்து அவற்றை அணைத்துக் கிடப்பாள். பொரிவதோ மொச்சைக்கொட்டை அளவு உயிர்! பால் உண்டு, காம்பு இல்லை. தோலில் கசிவதை நக்கி நக்கியே மூன்று நான்கு மாதம் இருட்டில் வளரும். முட்டையும் இட்டு, பாலும் கொடுக்கிறாளே, இதை எந்த வகையில் சேர்ப்பது? வியப்பதைத் தவிர நமக்கு வேறு என்ன வேலை? அப்பன் எங்கே என்கிறீர்களா?

"மதுக்கடையிலதான்!" க்ளெனிஸ், நன்றி. ஆணின் கடமை கூடலோடு முடிந்துவிடுகிறதாம்.

இந்த வயதில் அவளுக்கு இன்னொரு வசந்தம் வாய்க்குமா? எனக்குத் தெரியாது, இமோஜனுக்கும் தெரியாது. அதனால் கேட்கிறேன்: கோடை முடிந்து குட்டிகள் நீருக்கு வரட்டும், பிறகு வெட்டுவோம். போட்டி இந்த ஆண்டு கராபிக்கே போகட்டும். அவர்களுடைய இளக்காரத்தை நான் ஒருவனே வாங்கிக்கொள்கிறேன், பழகிய முதுகு.

என்ன டாரில், எழுந்துவிட்டீர்கள்?

"அந்த வளை எங்க இருக்கு?"

உங்கள் பொக்லைனுக்கு நேர் கீழே. மேல்மண்ணுக்கு மிகவும் கிட்டே.

"இருபது டன், மேட். அவ தலைமேலயா நிறுத்தி வச்சிருக்கேன்?" சாவியைத் தேடுகிறார். "ஓட்டுக்குக் கையத் தூக்குறதெல்லாம் நீங்க தூக்கிக்குங்க. நான் போய் வண்டிய எடுக்குறேன்."

மெதுவாக, டாரில்! கரைப்பக்கம் திருப்பாமல் பின்னோக்கியே எடுங்கள்!

தலைவர் அவர்களே, கைகளை எண்ணிக்கொள்ளுங்கள். என் இரண்டையும் சேர்த்து. பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வெளியே இருட்டிவிட்டது, டாரிலுக்கு டார்ச் பிடிக்க ஆள் வேண்டும். நான் புறப்படுகிறேன். வணக்கம்!