மொட்டைக் காசு

பழைய காசை வாங்கி வந்த கையோடு கழுவக் கூடாது. புதிதாகச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற முதல் தப்பு அதுதான். ஆயிரத்தெண்ணூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்த பித்தளைக்கு அவசரம் கிடையாது, அவசரமெல்லாம் நமக்குத்தான். உங்கள் மேஜைமேல் உறைக்குள் இருக்கும் அந்த ஒற்றைக் காசை, உறையில் போடுவதற்கு முன்னால் உங்கள் காவலர் சட்டையில் தேய்த்துப் பார்த்தார். தேய்த்துக்கொள்ளட்டும். அதை இனிமேல் கெடுக்க முடியாது.

வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உங்க வார்த்தையிலயே எழுதுங்க. ஏன் அன்னைக்குன்னு மட்டும் தெளிவா எழுதுங்க" என்றீர்கள். எழுதுகிறேன் சார். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோபத்தில் செய்யவில்லை. முப்பத்தொரு வருஷமாகப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறவன் நான். கோபக்காரன் கைக்கு அந்த வேலை வராது.

என் மனைவியை முதலில் பார்த்தது ஒரு கண்ணாடிக் கடையில். கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி வாங்கப் போயிருந்தேன். அவள்தான் அந்தக் கடையில் விற்பனைப் பெண். பல் செட் கட்டுகிறவன் என்றதும், "பல்லு பாக்கவா?" என்று கேட்டாள். இல்லை என்று சட்டைப்பையிலிருந்து ஒரு ரோமானியக் காசை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை என் கையிலிருந்தே பிடுங்கிப் பார்த்துவிட்டு, "ராஜாவா இவரு? மூக்குக்குத் தனியா ஒரு காசு அடிச்சிருக்கலாம்" என்றாள். அடுத்த வருஷம் கல்யாணம்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, கறுப்புத் துணி விரித்து, எதிரும் புதிருமாக உட்காருவோம். நான் ஊசியால் மண்ணைச் சுரண்டுவேன். அவள் எழுத்துத் தேடுவாள். அவள் கண்ணுக்குத் தப்பிய எழுத்தை நான் கண்டுபிடித்ததே இல்லை. காசின் பின்பக்கத்தில் வரும் தேவதைகளுக்கெல்லாம் அவள் பட்டப்பெயர் வைத்திருந்தாள். ஒரு கையில் பூவும் மறு கையில் பாவாடை நுனியுமாக நடந்து வரும் நம்பிக்கைத் தேவதை அவளுக்கு 'மழைக்காரி'. சேற்றுக்குப் பயந்து பாவாடையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாளாம். தூணில் முழங்கையை ஊன்றி நிற்கும் பாதுகாப்புத் தேவதை 'ஆபீஸ்காரி', வேலை செய்து பார்த்ததில்லை. பழம் வழியும் கொம்பை ஏந்தியவள் 'சந்தைக்காரி'. புத்தகத்தில் இருக்கும் பெயர்களெல்லாம் எனக்கே மறந்துபோய் இவைதான் நிலைத்தன.

இந்தக் காசு சேர்க்கும் கிறுக்கில் முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்றுதான். மண்ணிலிருந்து வந்த காசில் முகம் தெரியவில்லை என்றால், அது பல காலம் கைமாறிக் கைமாறித் தேய்ந்திருக்கலாம். அதற்கு வைத்தியம் கிடையாது. அல்லது மேலே களிம்பும் சுண்ணாம்பும் கெட்டியாகப் படிந்திருக்கலாம். உள்ளே முகம் வைத்தது வைத்தபடி இருக்கும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். தேய்ந்ததை நாங்கள் மொட்டை என்போம், ஒரு தகர டப்பாவில் போட்டு மறந்துவிடுவோம். படிந்ததைச் சுத்தத் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புளிப்பு மட்டும் படவே கூடாது. பட்டால் பச்சைப் படலம் போய்விடும். அந்தப் பச்சைதான் காசுக்குத் தோல். எங்கள் வட்டத்தில் சந்தேகம் வந்த காசெல்லாம் என்னிடம்தான் வரும். விரல் நுனியால் ஒரு தடவு தடவிவிட்டுச் சொல்லிவிடுவேன். என் கணக்குத் தப்பாது என்று பெயர் இருந்தது.

கல்யாணமான புதிதில் ஒரு கைப்பிடி காசு மொத்தமாக வாங்கினேன். அதில் ஒன்றின் பின்பக்கத்தில் மயில் மங்கலாகத் தெரிந்தது, மயிலின் முதுகில் ஒரு பெண். முன்பக்கம் வெறும் பச்சைக் கட்டி. ஒரு பேரரசன் தன் மனைவி இறந்த பிறகு அவளுக்காக அடித்த காசு அது என்று சொன்னேன். முன்னால் முக்காடிட்ட அவள் முகம் இருக்கும்; பின்னால் மயில் அவளை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்.

"செத்ததுக்கு அப்புறமா அடிச்சான்? இருக்கும்போதே அடிச்சிருந்தா அவளும் பாத்திருப்பால்ல?" என்றாள்.

முன்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு டப்பாவில் போடப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லைங்க, உள்ள இருக்கா. எனக்குத் தெரியுது."

"மொட்டைன்னா மொட்டைதான்."

"சரி, மொட்டையாவே இருக்கட்டும். எனக்குக் குடுங்க."

தன் நகைப்பெட்டியில் வைத்துக்கொண்டாள். இருபத்தெட்டு வருஷம் அது எங்கள் வீட்டு வேடிக்கைச் சண்டை. நான் எதிலாவது வீம்பு பிடித்தால், குரலைக் கட்டையாக்கிக்கொண்டு "மொட்டைன்னா மொட்டைதான்" என்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

போன வருஷம் அவள் மெதுவானாள். வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு பேச்சை ஆரம்பித்துவிட்டு நடுவில் நின்றுவிடுவாள். வெயில் மண்டையைப் பிளக்கும்போது ஸ்வெட்டர் கேட்பாள். குரல் கரகரத்தது, முகம் உப்பிற்று. குளிக்கப் போனவள் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வீடு முழுக்கத் தண்ணீர் டம்ளர்கள் கிடந்தன: ஜன்னல் விளிம்பில், அலமாரிமேல், தையல் மிஷினுக்குப் பக்கத்தில். குடிக்க எடுத்துவிட்டு மறந்துபோகிறாள் என்று நினைத்தேன். சில டம்ளர்களின் அடியில் லேசாகப் பச்சை ஒட்டியிருக்கும். பாசி என்று தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்காரியை அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது யாருங்க?" என்றாள். சமையலறைக்குப் போய், சத்தம் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகம் கழுவித் திரும்பி வந்து, அவள் நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கினேன். விரல் நுனிக்குத் தெரிந்துவிட்டது. இது தேய்மானம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அவள் தங்கைதான் விடவில்லை. "வயசானா இப்படித்தான்னு விட்டுடாதீங்க அத்தான். அக்காவுக்கு அம்பத்தாறுதானே ஆகுது" என்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் சின்ன வயசுக்காரி. நாக்கைப் பார்த்தார், முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். "மறதி எல்லாமே மூளை தேயறதால வர்றதில்ல சார். சரி பண்ணக்கூடியதும் இருக்கு. ரத்தப் பரிசோதனை வரட்டும், அவசரப்படாதீங்க" என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. காசு கொண்டுவரும் கற்றுக்குட்டிகளும் இப்படித்தான். மொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஊறப்போட்டா வரும் சார், கண்டிப்பா வரும் சார் என்பார்கள்.

திங்கட்கிழமை டாக்டரிடமிருந்து பரிசோதனை முடிவு தபாலில் வந்தது. உறையைப் பிரிக்காமல் காசுத்தட்டுக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் மைத்துனி போன் செய்தாள்.

"ரிப்போர்ட் வந்துச்சா அத்தான்?"

"இன்னும் வரலம்மா."

பொய்தான். ஆனால் வீணாக ஆசை காட்டிவிட்டுப் பிறகு பிடுங்குவதைவிடப் பொய் மேல். நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேரரசன் கெட்டிக்காரன். நன்றாக இருந்த முகத்தை அப்படியே அச்சில் ஏற்றிவிட்டான். அதற்குப் பிறகு அவளை யாரும் தேய்க்க முடியாது. என் மனைவியை நான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் என்னையும் பார்த்து, இது யாருங்க என்று கேட்பாள். அதற்கு முன்னால், இன்னும் அவளாக இருக்கும்போதே, நிறுத்திவிடுவதுதான் அன்பு என்று எனக்குப் பட்டது. படித்தவர் நீங்கள், இது புரியாமல் போகாது.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் எலுமிச்சை வாசனை. தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பழைய டூத் பிரஷ்ஷால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த மயில் காசு. புதுக் குழாய் மாதிரி மஞ்சளாகப் பளபளத்தது. பக்கத்தில் ஒரு ஜாம் பாட்டில், அரை பாட்டில் பச்சைத் தண்ணீர்.

"வந்துட்டா பாருங்க!" என்று ஈரக் கையோடு நீட்டினாள். அப்படிச் சிரித்து நான் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

காசை வாங்கித் துடைத்து மேஜைமேல் வைத்தேன். குரலை உயர்த்தவில்லை. "கை கழுவிட்டு வந்து உக்காரு. பால் கொண்டு வரேன்" என்றேன். அவளுக்கென்று எப்போதோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரைகள் வீட்டில் இருந்தன. பல் வேலையில் பவுடர் குழைத்துப் பழகிய கை. கட்டி தட்டாமல் கரைத்தேன். கசக்குது என்றாள். சர்க்கரை போட்டேன். அவள் குடித்து முடிக்கும்வரை டம்ளரைக் கீழே தாங்கிப் பிடித்திருந்தேன்.

கட்டிலில் படுக்க வைத்ததும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா என்று கேட்டாள். இல்லை என்றேன். கண் செருகும்போது குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "மொட்டைன்னா..." என்று ஆரம்பித்தாள். மீதியைச் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து போய் யாரையாவது கூப்பிட அப்போதும் நேரம் இருந்தது சார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மூச்சு நின்ற பிறகு ஷாலை அவள் தலைமேல் முக்காடாக இழுத்துவிட்டேன். மைத்துனி வந்து அதைப் பார்த்துத்தான் அலறினாள். நான் மரியாதையாகத்தான் செய்தேன்.

மைத்துனி வருவதற்குள் எனக்கு இரண்டு வேலை முடிந்திருந்தது. உறையைப் பிரித்தேன். தைராய்டு சுரப்பு அடியோடு குறைந்திருக்கிறது, தினமும் ஒரு மாத்திரை போதும், மறதி சில மாதங்களில் பெருமளவு சரியாகும் என்று இருந்தது. கீழே டாக்டர் கைப்பட எழுதியிருந்தார்: நல்ல செய்தி, உடனே வந்து பாருங்கள்.

பிறகு அந்த ஜாம் பாட்டிலைக் கையில் எடுத்தேன். பாட்டிலில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது, அதில் பென்சில் கோடுகள். தண்ணீர் மாற்றிய ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. மறந்துவிடுவோம் என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. அதனால் கோடு போட்டிருக்கிறாள். நூற்றுப் பதினேழு கோடு. எங்கள் வீட்டு டம்ளர்களின் அடியில் இருந்தது பாசி இல்லை, பாட்டில் தண்ணீர் மாற்றும்போது காசைப் போட்டு வைத்ததில் ஒட்டிய களிம்பு. களிம்பு தெரியாதவன் கண்ணுக்கு அது தப்பலாம், என் கண்ணுக்குத் தப்பியிருக்கக் கூடாது. கடைசியில் பொறுமை போய் எலுமிச்சையை எடுத்திருக்கிறாள். அது ஒன்றுதான் அவள் செய்த தப்பு.

அவள் விற்ற பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கி, அந்தக் காசை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். முக்காடின் மடிப்பு இருந்தது. நெற்றி முடியின் சுருள், இமை, கீழுதட்டுக்குக் கீழே சின்னக் குழி, எல்லாம் இருந்தது. தேயவே இல்லை. இருபத்தெட்டு வருஷம் அவள் சொன்னதுதான் சரி. அதைச் சொல்ல நான் திரும்பினேன். முக்காட்டுக்குள் அவள் முகம் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. வாய்விட்டு அழுதேன். இந்த முறை குழாயைத் திறக்கவில்லை.

ஏன் அன்றைக்கு என்று கேட்டீர்கள். இரக்கம்தான் என்றால் புதன்கிழமை செய்திருக்கலாம், வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருக்கலாம். இவ்வளவு எழுதிய பிறகுதான் எனக்கே அது கண்ணில் படுகிறது. என் மனைவியைக் கொன்றது நான்தான். முதல் தாளில் கோபம் இல்லை என்று எழுதிய வரியை அடித்துவிடுங்கள். வந்துட்டா பாருங்க என்று அவள் நீட்டியபோது நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. பச்சை போயிருந்ததை மட்டும்தான் பார்த்தேன்.