ஒன்றரை விநாடி

"ஹலோ... ஹலோ, அப்பா? நான்தான்... ஆமா ஆமா, நான்தான். ஏன்பா எடுக்கல? காலையிலேர்ந்து ஆறு தடவை அடிச்சிட்டேன்... குளிச்சிட்டிருந்தீங்களா? ஆறு தடவையுமா? ... சரி விடுங்க. வாயாடி எங்க? ... வாயாடிப்பா! நான் கொண்டாந்து வச்சேனே, அந்த ரோபோ. நீங்கதானே அதுக்குப் பேரே வச்சீங்க... எங்க இருக்கு? ... அலமாரியிலயா? மேலயா, உள்ளயா? ... உள்ள. சரி... என்னது, பூட்டியா வச்சிருக்கீங்க? அப்பா!"

அறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டயர் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறையில் நடக்கிற கம்பெனி அது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்குப் பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு ரோபோ செய்கிறார்கள். தண்ணீர்க் குடம் உயரம், உருட்டி உருட்டிப் பார்க்க இரண்டு கண், வயிற்றுக்குள் கடையில் வாங்கிப் பொருத்திய, கேட்டதற்குப் பதில் பேசுகிற குரல் உதவிப் பெட்டி. அது எப்போது பேச வேண்டும், என்ன பேச வேண்டும் என்பதையெல்லாம் எழுதியவள் போனில் பேசுகிற இவள்தான். முப்பது நாள் ஒரு பெரியவர் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வந்தபோது, வெளியே எதற்குத் தேட வேண்டும், சொந்த அப்பா இருக்கிறாரே என்று கொண்டுபோய் வைத்துவிட்டாள். இவள் கணவன், பிள்ளைகளோடு வேறு வீட்டில்; அம்மா போனதிலிருந்து அவரும் தனியாகத்தானே கிடக்கிறார். இன்று இருபத்தொன்பதாம் நாள். நாளைக் காலை பத்து மணிக்கு முதியோர் இல்லத்து மேனேஜர் அம்மாள் ரோபோவைப் பார்க்க அப்பா வீட்டுக்கே வருகிறார்.

"எத்தனை நாளா உள்ள இருக்கு? ... அஞ்சு நாளா! அடக் கடவுளே... நாங்க இங்க நெட் போயிருச்சா, பேட்டரி போயிருச்சான்னு மண்டையப் பிச்சுக்கிட்டிருக்கோம், நீங்க பூட்டி வச்சிட்டு உக்காந்திருக்கீங்க... இல்ல, கோவமெல்லாம் இல்ல... கத்தலப்பா, என் குரலே அப்படித்தான்... நாளைக்கு ஆள் வருதுப்பா! நான் என்னத்தக் காட்டுவேன், அலமாரியையா? ... சரி, என்ன தொந்தரவு குடுத்துச்சு, அதைச் சொல்லுங்க... ம்... சத்தம் ஜாஸ்தியா? பின்னாடி ஒரு பட்டன் இருக்கு, குறைச்சுக்கலாம்... அது இல்லையா? கண்ணு ரெண்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கா? தூங்க முடியலையா? ... அதுவும் இல்லையா? அப்ப என்னதான்பா? வாயத் திறந்து சொன்னாத்தானே தெரியும்!"

அவர் வாயைத் திறந்துதான் இருந்தார், பாவம். மனுஷர் நாற்பது வருஷம் தையல்காரர். உடுப்பைப் போட்டுப் பார்க்க வருகிறவர்களோடு வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசிப் பழகியவர். ஒரு வார்த்தை சொல்வார், ஒரு ஊசியை உருவித் துணியில் குத்துவார், அப்புறம்தான் அடுத்த வார்த்தை வரும். கடையை மூடி எட்டு வருஷம் ஆகிறது. ஊசி போய்விட்டது, இடைவெளி மட்டும் போகவில்லை. மகள் அதற்கு நேர் எதிர். அவர் ஒரு வார்த்தை முடிப்பதற்குள் இவள் ஊரைச் சுற்றிவிட்டு வந்துவிடுவாள்.

"என்ன? பேச விடமாட்டேங்குதா? எது, அதுவா? ... அப்பா, உங்களைப் பேச வைக்கிறதுக்குத்தான் அதையே செஞ்சிருக்கோம்! ரெண்டு வருஷமா சோறு தண்ணி இல்லாம... சரி, நீங்க சொல்லுங்க... சொல்லுங்கன்னுதானே சொல்றேன்... நீங்க சொல்லவே மாட்டேங்கறீங்களே, நான் என்ன பண்ணட்டும்? ... இருங்க இருங்க. வச்சிராதீங்க. டேய் நெட்டை! அப்பா வீட்டு மிஷினோட பேச்சுப் பதிவை எடு. ஆமா, முதல் நாள்லேர்ந்து... அப்பா, லைன்லயே இருங்க. நீங்க அதுகிட்ட பேசினதெல்லாம் எழுத்தா இங்க வந்திருக்கும்... ஒட்டுக் கேக்கலப்பா! நீங்கதானே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டீங்க... படிக்காமயே போட்டீங்களா? நல்லாயிருக்கு போங்க."

நெட்டை அவளோடு கல்லூரியில் படித்தவன். வயரிங் வேலையெல்லாம் அவன் பொறுப்பு. அவன் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தான். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"வந்திருச்சுப்பா... முதல் நாள், நீங்க 'நான் வந்து'ன்னு ஆரம்பிச்சிருக்கீங்க. அது உடனே 'ஒரு பாட்டுக் கேட்கலாமா'ன்னு கேட்டிருக்கு... ம். 'பாட்டு வேணாம், எனக்கு'ன்னு சொல்லியிருக்கீங்க. 'சரி, ஒரு ஜோக் சொல்கிறேன்'னு ஆரம்பிச்சிட்டுதா? ... ரெண்டு ஜோக்கா! ... அடுத்த நாள் 'பொண்ணோட அம்மா இருந்தப்ப'ன்னு சொல்லியிருக்கீங்க. அதுக்கு... ஐயோ. 'அம்மாவுக்கு போன் செய்யட்டுமா'ன்னு கேட்டிருக்கு... இல்லப்பா, அதுக்கு ஒண்ணும் தெரியாது... தெரியாதுப்பா. மன்னிச்சிருங்க... டேய், பேச்சு நின்னா எத்தனை விநாடி காத்திருக்கணும்னு வச்சோம்? ... ஒன்றரையா? அவ்வளவுதானா? யாரு வச்சது? ... நானா?"

அவள்தான் வைத்தாள். போன வருஷம் இந்த அறையில் இருக்கிற ஐந்து பேரும் மைக் முன்னால் உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள். ஒருவர் பேச்சை முடித்துவிட்டார் என்று ரோபோ எப்படித் தெரிந்துகொள்ளும்? எவ்வளவு நேரம் சத்தம் இல்லையோ, அதை வைத்துத்தான். ஐந்து பேரில் ஒருவரும் நடுவில் அரை விநாடிக்கு மேல் பேச்சை நிறுத்தவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவள் தாராளமாக மூன்று மடங்கு போட்டாள். கிழவர்களுக்கென்று செய்த சாமானுக்கு ஒரு கிழவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசச் சொல்ல அந்த ஐந்து அறிவாளிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"புரிஞ்சிருச்சுப்பா. தப்பு எங்க மேலதான். நீங்க மூச்சு வாங்கறதுக்குள்ள அது முடிச்சிட்டீங்கன்னு நினைச்சுக்குது... ஆமா ஆமா, மாத்திரலாம். இன்னிக்கே மாத்தி அனுப்பறேன். நீங்க அதை வெளிய எடுத்து... இருங்க, இது என்ன? பத்தாம் நாள், சாயங்காலம் ஆறு மணி, 'எனக்கு இங்க'. அது ஏதோ இன்னிக்கு வெயில் இத்தனை டிகிரின்னு சொல்லியிருக்கு. பதினொண்ணாம் நாள், அதே ஆறு மணி, 'எனக்கு இங்க'. மாத்திரை போட்டாச்சான்னு கேட்டிருக்கு... பன்னெண்டாம் நாளும் 'எனக்கு இங்க'... தினமும் இருக்கேப்பா? பதினஞ்சு நாளா! அதுகிட்ட என்ன சொல்ல வந்தீங்க? ... அதுகிட்ட இல்லையா? பின்ன? ... சொல்லிப் பாத்தீங்களா? யார்கிட்ட சொல்றதுக்கு? ... என்கிட்டயா?"

அப்பா தன்னிடம் ஒரு விஷயம் சொல்வதற்கு ஒரு பொம்மையை முன்னால் வைத்துப் பழகிப் பார்த்திருக்கிறார். அதுவும் பதினைந்து நாள்! வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"என்கிட்ட பேசறதுக்கு எதுக்குப்பா ஒத்திகை? நான் என்ன ஜட்ஜா? வாரம் மூணு தடவை போன் பண்றேன், அப்பவே சொல்ல வேண்டியதுதானே... எங்க விட்டேனா? நான் எப்பப்பா விடல? ... சரி சரி, இப்பச் சொல்லுங்க. எனக்கு இங்க... ம்? எனக்கு இங்க என்ன? தண்ணி வரலையா? ... கரண்டா? ... மாடி வீட்டு ஆளு மறுபடி சண்டைக்கு வந்தானா? நான் பேசறேன் அவன்கிட்ட, அவனை... அதுவும் இல்லையா? முழங்கால் வலியா? டாக்டரு..."

நெட்டை எழுந்து வந்து அவள் முகத்துக்கு நேரே நின்றான். ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துக் காட்டினான், அவ்வளவுதான். வேறு நேரமாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். இப்போது வாயை மூடிக்கொண்டாள். கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"... ம்."

"... ம்."

"... முடியலையா... ம்."

"... ஆமா, அம்மா இல்லாம... ம்."

"... எங்க வீட்டுக்கா? ... எங்களோடயே... வந்து இருந்துக்கறதுக்கா..."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. அவர் இன்னும் முடிக்கவில்லை என்றுதான் நினைத்தாள். எப்போதும் ஒரு வார்த்தைக்குப் பின்னால் இன்னொரு வார்த்தை வைத்திருக்கிற மனுஷர் ஆயிற்றே. இந்தத் தடவையாவது முழுதாகச் சொல்லட்டும். நெட்டையின் விரலும் உதட்டை விட்டு இறங்கவில்லை. ஆனால் வாயை மூடினால் மனசு சும்மா இருக்குமா? அது அவள் வீட்டில் பிள்ளைகள் படிக்கிற அறையை அளக்க ஆரம்பித்துவிட்டது. கம்ப்யூட்டர் மேஜையைத் தூக்கி வெளியே போட்டால் ஆறடிக் கட்டில் ஜன்னல் ஓரமாகப் போய்விடும். தையல் மிஷினை விட்டுவிட்டு அவர் வரமாட்டார், பீரோவை நகர்த்தினால் அதற்கும் இடம் கிடைக்கும். பிள்ளைகள் ஹாலில் உட்கார்ந்து படிக்கட்டும், ஒன்றும் குறைந்து போய்விடாது. கணவர் முதலில் முணுமுணுப்பார், அப்புறம் அவரே கட்டிலுக்கு ஒரு பக்கம் பிடிப்பார். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடிக்க வேண்டும். போதும், தாராளமாகப் போதும். இத்தனை நாள் இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டி வைத்துக்கொண்டு போய்க் கூட்டி வந்துவிடலாம் என்று முடிவே பண்ணிவிட்டாள். அவர் சொல்லி முடித்ததும் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பக்கம் மெல்ல ஏதோ சத்தம் கேட்டது.

"என்னப்பா? ... எது பரவாயில்ல? ... ஐயோ, எதுக்குப்பா பரவாயில்லன்னு சொல்றீங்க? நான் வேணாம்னு சொல்லலப்பா! நீங்க முடிக்கட்டும்னுதான்... கட்டில் எங்க போடலாம்னு பார்த்துக்கிட்டிருந்தேன்பா, ஜன்னல் ஓரமா... அப்பா? வச்சிராதீங்க... வாங்கப்பா. கேக்குதா? வாங்கன்னு சொல்றேன்... அப்பா?"

'பரவாயில்லம்மா' என்று சொன்ன கையோடு அவர் போனை வைத்துவிட்டிருந்தார்.