கடற்கரைப் பச்சை விளக்கு

வடசேரியில் காலை பஸ் ஏறி, கடியப்பட்டணத்தில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். இருவர் சட்டையிலும் ஒரே கம்பெனிப் பெயர். வெளியே தென்னைகள் காற்றில் வளைந்தன.

"நேத்து முதலீட்டாளருக்குக் காட்ட, கடக்கரையில வச்ச நம்ம காத்து எச்சரிக்கைப் பெட்டியில பச்சை வெளக்கு மட்டும் எரியும்படி வச்சோமே, மாத்துனியா மக்கா?"

"நீ மாத்திருப்பேன்னு நெனச்சேன்."

"இந்தக் காத்துக்கு 'கடலுக்குப் போகாதே'ன்னு செவப்பால்லா எரியணும்?"

"இப்ப போன்லயே மாத்திட்டேன். பயப்படாதலே. நம்ம பெட்டிய ஊருல எவன் நம்புகான்? ஒங்க அப்பாவே வானத்தப் பாத்துதான வள்ளத்த எறக்குவாரு."

முதலாமவன் வீட்டுக்குப் போன் செய்தான். போனைக் காதில் வைத்தபடியே நண்பன் பக்கம் திரும்பினான்.

"அம்மா என்ன சொல்லுகா?"

"அப்பா விடியும்போதே போயிட்டாராம். காத்து செரியில்லன்னு தயங்குனவங்களையும், எம்மவன் செஞ்ச பெட்டி பொய் சொல்லாதுன்னு கூட்டிட்டுப் போயிருக்காரு."

"போன் போட்டுப் பாத்தாவளா?"

"யாருக்கும் லைன் கிடைக்கலியாம்."

"அப்ப வேற வள்ளத்துல யாரையாவது தேடிப் போகச் சொல்லு."

"கரையில ஒரு வள்ளங்கூட இல்லையாம்."